சூரியன் வராத நாட்களில் துணைக்கு வரும் இசை

நார்வே நாட்டின் வடகோடியில் ட்ரோம்சோ என்று ஓர் ஊர் இருக்கிறது.

நவம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் அங்கே சூரியன் மறையும். மறுநாள் காலையில் அது வராது. அதற்கு அடுத்த நாளும் வராது. ஜனவரி நடுப்பகுதி வரையில் அந்த ஊர் மக்கள் சூரியனைக் கண்ணால் பார்க்க முடியாது!

நடுப்பகலில் சிறிது நேரம் மட்டும் நீல நிறத்தில் ஒரு மங்கலான வெளிச்சம் தெரியும். பிறகு மறுபடியும் இருட்டுத்தான்.

வெளியே எங்கு பார்த்தாலும் வெண்பனி. காற்று ஊளையிடும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கவேண்டும். வேலை செய்கிறவர்கள் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவார்கள். வயதானவர்களும் நோயாளிகளும் பல நாட்கள் வாசற்படியைத் தாண்ட முடியாது.

இப்படிப்பட்ட நாட்களுக்கென்றே மேல்நாடுகளில் ஒருவகை இசை வளர்ந்திருக்கிறது. அதில் பெரும்பாலும் பாட்டு இருக்காது. தாளம் இருக்காது. இருந்தாலும் மெல்லத்தான் கேட்கும். ஒரு சுரம் எழும். நெடுநேரம் நின்று, பிறகு கரையும். இன்னொன்று எழும்.

இதற்கு "ஆம்பியன்ட்" இசை என்று பெயர். நம்மைச் சூழ்ந்திருக்கும் இசை என்று பொருள் கொள்ளலாம். இதன் நெருங்கிய உறவுக்கு "நியூ ஏஜ்" இசை, அதாவது புதுயுக இசை என்று பெயர். இரண்டுக்கும் பெரிதும் கைகொடுத்தது மின்சாரம்.

"இதுவும் ஒரு சங்கீதமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "இது இல்லாவிட்டால் குளிர்காலத்தை எப்படிக் கழிப்பது?" என்று கேட்டவர்களும் உண்டு. இந்த இசை எப்படிப் பிறந்தது? அதைப் பார்ப்போம்.

நாற்காலியைப் போல ஒரு சங்கீதம்

பாரிஸ் நகரத்தில் எரிக் சாட்டி என்று ஓர் இசையமைப்பாளர் இருந்தார். 1866-ல் பிறந்தவர். வேடிக்கையான மனிதர்.

அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டில் நாற்காலி இருக்கிறது. மேஜை இருக்கிறது. அவற்றை யாராவது உட்கார்ந்து உற்றுப் பார்க்கிறார்களா? இல்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று இருக்கும். சங்கீதமும் அப்படி இருந்தால் என்ன?

அதற்கு அவர் வைத்த பெயர், "தட்டுமுட்டு இசை"! மேஜை நாற்காலி போல வீட்டில் கிடக்கும் இசை என்று அர்த்தம்.

1920-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி. பாரிசில் ஓர் ஓவியக் கூடத்தில் நாடகம் நடந்தது. இடைவேளையில் இந்த இசையை வாசிக்க சாட்டி ஏற்பாடு செய்தார். வாத்தியக்காரர்களை ஒரே இடத்தில் உட்கார வைக்காமல் மூலைக்கு ஒருவராகப் பிரித்து உட்கார வைத்தார். இசையைக் கவனிக்க வேண்டாம், பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருங்கள் என்று ஜனங்களிடம் முன்கூட்டியே சொல்லியும் ஆயிற்று.

வாத்தியங்கள் ஒலித்தன. என்ன நடந்தது தெரியுமா? எழுந்து போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து, மரியாதையாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்!

சாட்டி பதறிப்போனார். "பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள்" என்று கூட்டத்துக்குள் ஓடி ஓடிக் கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. கூட இருந்த இசையமைப்பாளர் டாரியஸ் மியோ பிற்காலத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

1925-ல் சாட்டி இறந்துபோனார். அவருடைய யோசனை மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

வேலை வாங்கிய இசை

அந்த யோசனையை ஒத்த ஒன்றை அமெரிக்காவில் வியாபாரிகள் செய்தார்கள். ஆனால் அவர்கள் நோக்கம் வேறு.

ஜார்ஜ் ஸ்குவையர் என்ற ராணுவத் தளபதி கம்பி வழியாக இசையை அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தவர். அதை வைத்து நடந்த கம்பெனிக்கு 1934-ல் "மியூசாக்" என்று பெயர் வந்தது. ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் அது இசை அனுப்பியது. பிறகு தொழிற்சாலைகளுக்கும் அனுப்பியது.

தொழிற்சாலைக்கு இசை எதற்கு? தொழிலாளி சோர்ந்துபோகாமல் வேலை செய்வதற்கு! கால் மணி நேரம் இசை; அதில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். பிறகு கால் மணி நேரம் மௌனம். மறுபடியும் இசை. இப்படிக் கணக்குப் போட்டு ஒலிபரப்பினார்கள்.

இதுவும் கவனிக்கப்படாத இசைதான். ஆனால் இது மனிதனிடம் வேலை வாங்குகிற இசை. முதுகில் கைவைத்து மெதுவாகத் தள்ளுகிற மேஸ்திரி மாதிரி.

மனிதனைத் தள்ளாமல், இழுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து துணை இருக்கிற இசை வேண்டுமே? அது கிடைக்க ஒரு விபத்து நடக்க வேண்டியிருந்தது.

படுக்கையில் கிடந்தவர் கேட்டது

1975-ம் ஆண்டு ஜனவரி மாதம். லண்டன் நகரத் தெருவில் ஓர் இளைஞர் மீது டாக்சி மோதியது. அவர் பெயர் பிரையன் ஈனோ. அப்போது அவருக்கு வயது 26. இசைக் குழு ஒன்றில் சிந்தசைசர் என்னும் மின்சார வாத்தியம் வாசித்துப் பெயர் வாங்கியிருந்தவர்.

உயிர் தப்பினார். ஆனால் எழுந்து நடக்க முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

பார்க்க வந்த ஒரு சிநேகிதி, ஓர் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். 18-ம் நூற்றாண்டு ஹார்ப் இசை. யாழைப் போன்ற வாத்தியம் அது.

ஈனோ மிகுந்த சிரமப்பட்டு எழுந்து, இசைத்தட்டைச் சுழலவிட்டு, மீண்டும் வந்து படுத்துக்கொண்டார். படுத்த பிறகுதான் தெரிந்தது, ஒலி மிகமிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று வேலை செய்யவில்லை.

மறுபடியும் எழுந்திருக்க அவருக்குச் சக்தி இல்லை. அப்படியே கிடந்தார்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே, ஹார்ப் வாத்தியத்தின் ஓரிரு சுரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்தன. மற்றவை மழையில் கரைந்துவிட்டன.

முதலில் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எரிச்சல் போய்விட்டது. மழை, மங்கலான வெளிச்சம், நடுநடுவே ஒரு சுரம். எல்லாம் ஒன்றாகிவிட்டன. இசையையும் இப்படிக் கேட்கலாமா என்று அவருக்குப் புதிதாகத் தோன்றியது.

அதே ஆண்டில் அவர் "டிஸ்கிரீட் மியூசிக்" என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதன் ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. சுமார் அரைமணி நேரம் ஓடும். ஒரு சிந்தசைசரும் இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகளும்தான் அதற்கு மூலதனம். ஓர் ஒலி நாடாவில் பதிவாகும். சில வினாடி கழித்து மறுபடியும் கேட்கும். அதன்மேல் அடுத்த ஒலி வந்து படியும்.

இந்த விபத்துக் கதையை அந்த இசைத்தட்டின் உறையிலேயே ஈனோ எழுதியிருக்கிறார்.

நாற்காலிகளைச் சுற்றி ஓடிய நாடா

மூன்று ஆண்டு கழித்து, 1978-ல், "மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்" என்ற இசைத்தட்டு வந்தது. விமான நிலையங்களுக்கான இசை என்று பொருள். "ஆம்பியன்ட்" என்ற பெயரை உறையில் தாங்கி வந்த ஈனோவின் முதல் இசைத்தட்டு இதுதான்.

இதில் ஒரு பகுதியை எப்படிச் செய்தார்கள் என்பது சுவையான விஷயம்.

மூன்று பெண்களும் ஈனோவும் "ஆ" என்று ஆளுக்கொரு சுரம் இழுத்தார்கள். அதை நாடாவில் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு நாடாவின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் மிகவும் நீளம். கருவிக்குள் அடங்கவில்லை. ஆகவே அறையில் இருந்த அலுமினிய நாற்காலிகளின் கால்களைச் சுற்றி அதை ஓடவிட்டார்கள்!

ஒரு வளையம் ஒருமுறை சுற்றிவர இருபத்து மூன்றரை வினாடி ஆகும். இன்னொன்றுக்குச் சுமார் 26 வினாடி. வேறொன்றுக்குச் சுமார் 30 வினாடி.

இதில் என்ன விசேஷம்? மூன்று பேர் ஒரு குளத்தைச் சுற்றி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் நடை வேகம் வேறு. ஒருசமயம் இருவர் சேர்ந்து வருவார்கள். ஒருசமயம் மூவரும் தனித்தனியாக வருவார்கள். ஒருசமயம் படித்துறையில் ஒருவருமே இருக்கமாட்டார்கள். அந்தக் குரல்களும் இப்படித்தான். கேட்டவை போலவே இருக்கும். ஆனால் ஒருமுறை சேர்ந்த மாதிரி மறுமுறை சேராது.

ஜன்னல் வழியாகப் பனி விழுவதைப் பார்க்கிறவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு பனித்துகளும் ஒரே மாதிரிதான் விழுகிறது. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

1980-ல் நியூயார்க் நகரத்து லாகார்டியா விமான நிலையத்தின் ஒரு முனையத்தில் இந்த இசையை ஒலிக்க விட்டார்கள்.

தம்புராவின் பங்கு

நீண்டு நிற்கும் ஒரே சுரம் நமக்குப் புதிதல்ல. கச்சேரியில் வித்துவானுக்குப் பின்னால் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அதை யாரும் தனியே கேட்பதில்லை. அது நின்றுவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மேல்நாட்டு இசைக்காரர்கள் சிலர் இதைக் கேட்டு வியந்தார்கள். லாமான்ட் யங், டெர்ரி ரைலி என்ற இரு அமெரிக்கர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். 1970-ல் வட இந்தியாவிலிருந்து பண்டிட் பிரான் நாத் என்ற பாடகர் அமெரிக்காவுக்குச் சென்றார். இவர்கள் அவருக்குச் சீடர்களானார்கள். 1996-ல் குரு காலமாகும்வரையில் அந்த உறவு நீடித்தது.

ஓர் ஒலிக்குள் பொறுமையாக உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். மின்சார இசை அந்தப் பொறுமையை வளர்த்துக்கொண்டது. தம்புரா மீட்டுகிறவருக்குக் கை வலிக்கும். மின்சாரத்துக்குக் கை வலிக்காது அல்லவா?

மின்சாரத்தில் பிறந்த பனிக்காற்று

சிந்தசைசர் என்று சொன்னோம். அது என்ன?

வீணையில் தந்தி அதிர்கிறது. புல்லாங்குழலில் காற்று அதிர்கிறது. சிந்தசைசரில் மின்சாரமே அதிர்கிறது. அந்த அதிர்வை ஒலிபெருக்கி சத்தமாக்கித் தருகிறது. குமிழ்களைத் திருப்பி அதைக் குழலோசையாகவும் ஆக்கலாம், மணியோசையாகவும் ஆக்கலாம், எந்த வாத்தியத்திலும் இல்லாத ஓசையாகவும் ஆக்கலாம்.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற என்ஜினீயர் 1964-ல் இப்படி ஒரு கருவியைச் செய்தார். பார்த்தால் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இருக்கும். எங்கு பார்த்தாலும் ஒயர்கள்! ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் அதில் வாசிக்கமுடியும். இரண்டு சுரம் வேண்டுமானால் முதலில் ஒன்றைப் பதிவு செய்து, அதன்மேல் மற்றொன்றைப் பதிவு செய்யவேண்டும்.

வெண்டி கார்லோஸ் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் அந்தச் சிரமத்துக்கு அஞ்சவில்லை. 1968-ல், பாக் என்ற ஜெர்மானிய மேதையின் இசையை மூக் கருவியில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அது பிரமாதமாக விற்றது.

1972-ல் அவர் வேறொன்று செய்தார். இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு பருவம். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம்!

குளிர்காலப் பக்கத்தைக் கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். காற்று வீசுகிறது. தூரத்தில் ஓநாய் ஊளையிடுகிறது. அதற்குப் பதில் சொல்வதுபோல ஒரு பெண்குரல் சொற்கள் இல்லாமல் எழுகிறது. கருவியின் ஓசை எது, காட்டின் ஓசை எது என்று பிரித்துச் சொல்வது சுலபம் அல்ல.

ஈனோவின் விபத்துக்கு மூன்று ஆண்டு முந்தைய வேலை இது. "ஆம்பியன்ட்" என்ற பெயர் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை.

பனியில் விடப்பட்ட பதினைந்து நாய்கள்

மின்சார வாத்தியம் உயிரில்லாதது, அதற்கு மனிதரின் துக்கம் தெரியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு கதையைக் கேட்கவேண்டும்.

தென் துருவக் கண்டத்தில் ஜப்பானியர்களுக்கு ஷோவா என்ற ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1958 பிப்ரவரியில் அங்கே ஒரு சோதனை வந்தது. அங்கிருந்த விஞ்ஞானிகள் ஊர் திரும்பவேண்டிய நேரம். அவர்களுக்குப் பதிலாக வேறு கோஷ்டி வருவதாக ஏற்பாடு. ஆகவே பனிவண்டி இழுக்கும் 15 நாய்களையும் சங்கிலியில் கட்டிவிட்டுப் புறப்பட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினார்கள்.

வானிலை மோசமாகிவிட்டது. கப்பலால் நெருங்க முடியவில்லை. புதிய கோஷ்டியின் பயணமே ரத்தாகிவிட்டது. நாய்கள் அங்கேயே தங்கிவிட்டன.

அடுத்த ஆண்டு, 1959 ஜனவரியில், ஜப்பானியர் அங்கே திரும்பிச் சென்றார்கள். ஏழு நாய்கள் கட்டிய சங்கிலியிலேயே இறந்து கிடந்தன. எட்டு நாய்கள் கட்டவிழ்த்துக்கொண்டு போயிருந்தன. அவற்றில் இரண்டு மட்டும் உயிரோடு ஓடிவந்தன! டாரோ, ஜீரோ என்ற சகோதர நாய்கள். ஒரு முழுக் குளிர்காலத்தை மனிதத் துணை இல்லாமல் கடந்துவிட்டன.

இந்தக் கதை 1983-ல் ஜப்பானில் திரைப்படமாக வந்தது. வசூலில் அந்நாட்டுப் படங்களின் சாதனையையெல்லாம் முறியடித்தது.

அதற்கு இசை அமைத்தவர் கிரேக்க நாட்டு வாங்கெலிஸ். சிந்தசைசரில் தேர்ந்தவர். சுரக்குறிப்பு எழுதவும் படிக்கவும் பழகாதவர் அவர். நேராக வாத்தியத்தில் கைவைத்து வாசித்துவிடுவார்.

"அன்டார்க்டிகா" என்ற அந்த இசைத்தட்டில் முதலில் மின்சார முரசு மெல்ல அடிக்கிறது. அதன்மேல் ஓர் எளிய மெட்டு விரிகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பனி. யாரும் இல்லை. அந்தத் தனிமையை மின்சாரம் சொல்லிவிடுகிறது. வாங்கெலிஸ் 2022-ல் காலமானார்.

காலுறையோடு பியானோ வாசித்தவர்

மின்சாரம் இல்லாமலும் குளிர்கால இசை செய்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்கப் பியானோக் கலைஞர் ஜார்ஜ் வின்ஸ்டன்.

இவர் சிறுவயதில் பல ஆண்டுகள் மான்டானா மாநிலத்தில் வளர்ந்தவர். அங்கே குளிர்காலம் கடுமையாக இருக்கும். பருவங்கள் மாறுவது அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

1982-ல் "டிசம்பர்" என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஒரே ஒரு பியானோ. பாட்டு இல்லை, பக்கவாத்தியம் இல்லை. ஆனால் அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. டிசம்பர் மாதம் வந்தால் அதை எடுத்து வைப்பது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது.

கடைக்காரர்கள் அதைப் "புதுயுக இசை" என்ற வரிசையில் வைத்தார்கள். வின்ஸ்டனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "நான் வாசிப்பது நாட்டுப்புறப் பியானோ" என்ற கருத்தில் பேசுவார்.

மேடைக்குச் செருப்பில்லாமல், காலுறையோடு வருவார். தம்முடைய கச்சேரிகளுக்கு வருகிறவர்களிடம் ஏழைகளுக்காக உணவுப் பொருள் சேகரிக்க ஏற்பாடு செய்வார். குளிர்காலத்தில் பசி எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர்.

பிற்காலத்தில் அவருக்கு ரத்த நோய் வந்தது. 2012-ல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். மருத்துவமனையில் தேறிவந்த நாட்களில், அங்கே மண்டபத்தில் இருந்த பியானோவில் இரவு நேரங்களில் போய் வாசித்தார். அப்போது பிறந்தவை பல உருப்படிகள். 2017-ல் அவற்றில் சிலவற்றை வெளியிட்டு, வருமானத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 2023-ல் காலமானார்.

நடுநிசி வானொலி

இந்த இசையை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்ததில் வானொலிக்கும் பங்கு உண்டு.

கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து வானொலி நிலையம் ஒன்றில், 1973-ல், ஸ்டீபன் ஹில் என்பவர் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். இரவு வெகுநேரம் கழித்து மூன்று மணி நேரம் நடக்கும். அதில் பேச்சு மிகக் குறைவு. ஒரு இசையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது தெரியாமல் ஓடும். 1983 முதல் அமெரிக்கா முழுவதும் பல நிலையங்கள் அதை ஒலிபரப்பின.

தூக்கம் வராதவர்கள், இரவு வேலைக்காரர்கள், நோயாளியின் பக்கத்தில் விழித்திருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் நடுநிசியில் வீட்டில் ஒரு விளக்கு எரிவதுபோல அது இருந்தது.

மலையுச்சியில் ஒரு கச்சேரி

இப்போது மீண்டும் ட்ரோம்சோவுக்குப் போவோம். சூரியன் வராத அந்த ஊரிலேயே இந்த இசைக்கு ஒரு கலைஞர் உண்டு. கெய்ர் யென்சன் என்று பெயர். 1962-ல் அங்கே பிறந்தவர். "பயோஸ்பியர்" என்ற பெயரில் இசைத்தட்டுகள் வெளியிடுகிறவர்.

1995 அக்டோபரில் ட்ரோம்சோவில் நடந்த இசைவிழாவில், இவரும் இங்கிலாந்துக்காரர் ஒருவரும் சேர்ந்து ஒரு கச்சேரி செய்தார்கள். இடம், மலையுச்சியில் உள்ள கம்பிவண்டி நிலையம்! கேட்க வந்தவர்கள் கம்பிவண்டியில் தொங்கிக்கொண்டு மேலே போனார்கள்.

வாசித்த ஓசைகளும் அந்த ஊர் ஓசைகள்தான். கம்பிவண்டி யந்திரத்தின் முனகல், பனியின் சரசரப்பு, பனிக்கட்டியின் ஓசை. இவற்றைப் பதிவு செய்து, இசையாக மாற்றி, அந்த மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

1997-ல் யென்சன் "சப்ஸ்ட்ராடா" என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். இவ்வகை இசையில் தலைசிறந்த ஒன்று என்று அதைப் பலரும் சொல்கிறார்கள்.

யென்சன் மலையேறுகிறவரும்கூட. 2001-ல் இமயமலையில் 8,201 மீட்டர் உயரமுள்ள சோ ஓயு சிகரத்தில் ஏறினார். போகும்போது ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுபோனார். வழியில் பதிவு செய்த ஓசைகளைப் பிற்பாடு வெளியிட்டார்.

குளிரைக் கண்டு ஒளிந்துகொள்வது ஒருவகை. குளிரின் குரலைக் காதுகொடுத்துக் கேட்பது இன்னொரு வகை. யென்சன் இரண்டாவது வகை.

இது மருந்தா?

குளிர்காலத்தில் சிலருக்கு மனம் சோர்ந்துவிடும். எழுந்திருக்கப் பிடிக்காது. தூக்கம் அதிகமாகும். யாரோடும் பேசத் தோன்றாது. வசந்தம் வந்தால் தானாகச் சரியாகிவிடும்.

இது சோம்பேறித்தனம் என்றே முன்பு பலர் நினைத்தார்கள். நார்மன் ரோசன்தால் என்ற டாக்டர் அப்படி நினைக்கவில்லை. அவர் வெயில் நிறைந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். குளிர்காலத்தில் தமக்கே சோர்வு ஏற்படுவதைக் கவனித்தார். 1984-ல் அவரும் கூட்டாளிகளும் 29 நோயாளிகளின் நிலையை விவரித்து, இந்த நோய்க்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். வெளிச்சக் குறைவோடு தொடர்புள்ள மனச்சோர்வு அது. அதிக வெளிச்சமுள்ள விளக்கின் முன்னே தினமும் உட்கார்ந்தால் பலருக்குக் குணம் தெரிந்தது.

சரி, இசை இதைக் குணமாக்குமா?

புதுயுக இசையை விற்கிறவர்களில் சிலர் அப்படித்தான் சொல்வார்கள். நோய் போகும், ஆயுள் கூடும் என்று உறையிலேயே அச்சடிப்பார்கள். அதையெல்லாம் நம்பவேண்டியதில்லை. மனச்சோர்வு நீடித்தால் டாக்டரிடம்தான் போகவேண்டும். இசை மருந்து அல்ல.

ஆனால் மருந்து ஒன்றுதான் மனிதனுக்குத் தேவையா? நோயாளிக்கு மருந்து கொடுக்க டாக்டர் வருகிறார், போய்விடுகிறார். பிறகு நீண்ட இரவு இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் பேசவேண்டும் என்பதில்லை. இருந்தால் போதும். இந்த இசை செய்வது அந்த வேலையைத்தான்.

எட்டு மணி நேரத் தாலாட்டு

2015-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் லண்டனில் ஒரு விசித்திரமான கச்சேரி நடந்தது. கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போடவில்லை. கட்டில் போட்டிருந்தார்கள்!

மாக்ஸ் ரிக்டர் என்ற இசையமைப்பாளர் எட்டு மணி நேரத்துக்கு ஒரு இசை அமைத்திருந்தார். அதன் பெயர் "தூக்கம்". பியானோ, வயலின் போன்ற வாத்தியங்கள், மின்சார வாத்தியங்கள், ஒரு பெண்குரல். நள்ளிரவில் தொடங்கிக் காலையில் முடிந்தது. பி.பி.சி. வானொலி அதை இரவு முழுவதும் நேரடியாக ஒலிபரப்பியது.

வந்தவர்கள் தூங்கினார்கள். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. தூங்குவதற்காகத்தானே அந்த இசை!

1920-ல் சாட்டி "கேட்காதீர்கள்" என்று கெஞ்சியபோது ஜனங்கள் கேட்கவில்லை. 95 ஆண்டுகளுக்குப் பிறகு, நிம்மதியாகக் கண்ணை மூடக் கற்றுக்கொண்டார்கள்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது

2013-ல், இங்கிலாந்தில் ஹோவ் என்ற கடற்கரை ஊரில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து பிரையன் ஈனோவுக்கு அழைப்பு வந்தது. அங்கே அவர் "அமைதி அறை" ஒன்றை அமைத்துக் கொடுத்தார். மெல்லிய ஒளி. மெல்லிய இசை. நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வருகிறவர்களும் அங்கே போய் உட்காரலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

எழுந்திருக்க முடியாத ஒருவரின் படுக்கையறையில், மழைக்கும் மௌனத்துக்கும் நடுவே பிறந்த யோசனை, 38 ஆண்டு கழித்து நோயாளிகளிடமே போய்ச் சேர்ந்தது.

எப்படிக் கேட்பது?

முதல் தடவை கேட்கிறவர்களுக்கு இந்த இசை ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். "எப்போது ஆரம்பிக்கும்?" என்று கேட்பார்கள். அது ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும்!

ஒலியைக் குறைத்து வையுங்கள். தெருச்சத்தம், மழைச்சத்தம், சமையலறைச் சத்தம் எல்லாம் கூடவே கேட்கிற அளவுக்குக் குறைத்து வையுங்கள். காதைத் தீட்டிக்கொண்டு உட்காரவேண்டாம். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும். துணி மடிக்கலாம், படிக்கலாம், சும்மாவும் இருக்கலாம்.

பத்து நிமிஷம் போகட்டும். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். அந்த இசைக்குக் கோபம் வராது.

நிறுத்தியவுடன் வீடு ஏதோ வெறிச்சென்று ஆனதுபோலத் தோன்றினால், சாட்டியின் நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.